இன்ஸ் வகுத்த தாள்களோடு ஏற்காட்டில் மூன்று நாள் படப்பிடிப்பு

குறும்படம் எடுக்க ஏற்காட்டுக்கு வண்டி ஏறும் யூனிட்டுகள் கேமரா, லென்ஸ், மைக், ட்ரோன் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டிய தாள் விஷயத்தில் கோட்டை விடுகின்றன. மூன்றாம் நாள் மாலை அடிவாரம் இறங்கிய பிறகுதான் கிழவியின் கை க்ளோஸப் எடுக்கவே இல்லை என்பது யாருக்காவது நினைவுக்கு வரும். மறுபடி மலையேற ஆர்ட்டிஸ்ட்டின் கால்ஷீட் இருக்காது. இருந்தாலும் அன்று மூடுபனி வேறு மாதிரி இருக்கும்.

இதற்கான மருந்து 1912 வாக்கிலேயே கலிபோர்னியாவில் தயாராகிவிட்டது. தயாரித்தவர் அமெரிக்க மௌனப் படக்காரர் தாமஸ் ஹெச். இன்ஸ். அவர் எப்படிப் படம் எடுத்தார் என்பதைவிட, படம் எடுக்குமுன் என்னென்ன எழுதி வைத்தார் என்பதுதான் இன்றைக்கு நமக்கு உதவும். கீழே வருவது அந்த முறையைச் சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் எடுக்கும் 12 நிமிடக் குறும்படத்துக்கு ஏற்றபடி மாற்றிய வழிமுறை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இன்ஸ் 1880-ல் ரோட் ஐலண்டு மாநிலத்து நியூபோர்ட்டில் பிறந்தவர். நாடக மேடையில் பெரிதாக எதுவும் கிடைக்காமல் 1910-ல் நியூயார்க்கில் சினிமாவுக்குள் நுழைந்தார். கார்ல் லெம்லேயின் ஐ.எம்.பி. கம்பெனியில் டைரக்டர் வேலை. அப்போது எடிசன் முன்நின்று அமைத்த காப்புரிமைக் கூட்டணியில் சேராத கம்பெனிகள் ஓயாமல் வழக்குகளைச் சந்தித்துக்கொண்டிருந்தன. அந்தத் தொல்லையிலிருந்து விலகி நிற்க லெம்லே 1911-ல் மேரி பிக்ஃபோர்டு உள்ளிட்ட ஒரு யூனிட்டையே க்யூபாவுக்கு அனுப்பினார். இன்ஸ் அங்கே போய்ப் படம் எடுத்தார். அந்த ஆண்டின் கடைசியில் கெஸ்ஸல், பாமன் இருவரும் நடத்திய நியூயார்க் மோஷன் பிக்சர் கம்பெனி அவரைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பியது.

அங்கேதான் திருப்பம். குளிர்காலத்துக்கு வெனிஸ் கடற்கரையில் வந்து தங்கியிருந்த ‘101 ராஞ்ச்’ என்ற குதிரைச் சாகசக் கம்பெனியை அப்படியே வாடகைக்கு எடுத்தார்கள். கௌபாய்கள், குதிரைகள், ‘சூ’ என்ற அமெரிக்கப் பழங்குடியினர், வண்டிகள் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் வந்தன. சான்டா யெனஸ் பள்ளத்தாக்கில் இடம் எடுத்தார்கள். பிற்பாடு அது சுமார் 18,000 ஏக்கர் வரை விரிந்ததாகக் கணக்கு. ஜனங்கள் அதற்கு ‘இன்ஸ்வில்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலை, கடல், சமவெளி மூன்றும் ஒரே இடத்தில். நடுவே ஜப்பானியக் கிராமம் முதலிய நிரந்தர செட்டுகள்.

இத்தனை பேர் சும்மா உட்கார்ந்தாலும் சம்பளம் ஓடும். அதனால் இரண்டு யூனிட்டை ஒரே சமயத்தில் ஓட்ட வேண்டியதாயிற்று. ஒன்றை இன்ஸும் இன்னொன்றை ஃபிரான்சிஸ் ஃபோர்டும் பார்த்தார்கள். தான் கூட நிற்க முடியாத யூனிட் தன் மனதில் உள்ளபடியே எடுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஷாட் வாரியாகப் பிரித்து எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே ஒழுங்கான வழக்கமானது இப்படித்தான். கொஞ்ச காலத்தில் இன்ஸ் டைரக்ஷனையே பெரும்பாலும் விட்டுவிட்டார். ஸ்கிரிப்டை ஒப்புக்கொள்வது, டைரக்டரிடம் ஒப்படைப்பது, கடைசியில் எடிட்டிங்கில் உட்காருவது என்ற மூன்றும் அவர் வேலையாயின. இன்றைக்குத் தயாரிப்பாளர் என்று நாம் சொல்லும் பதவியின் அச்சு அதுதான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1915-ல் டைரக்டர்கள் கிரிஃபித், மாக் சென்னட் இருவரோடும் சேர்ந்து டிரையாங்கிள் கம்பெனி. கல்வர் சிட்டியில் முதல் ஸ்டுடியோ. அது பிற்பாடு எம்.ஜி.எம். வளாகமானது. டிரையாங்கிளை விட்டு வந்தபின் அதே ஊரில் இரண்டாவது ஸ்டுடியோ. வில்லியம் எஸ். ஹார்ட், செஸ்யூ ஹயகாவா போன்ற நடிகர்கள் அவருடைய படங்களில் பெயர் பெற்றார்கள். 1924 நவம்பரில் பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட்டின் உல்லாசக் கப்பலில் உடம்பு சரியில்லாமல் போய், சில நாளில் வீட்டில் இறந்தார். அந்த மரணத்தைப் பற்றிய வதந்திகளை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு அவருடைய வேலையைத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான் அதிகம்.

சேலத்துக்காரர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. 1930-களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு ரோட்டில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸும் ஒரே வளாகத்துக்குள் எல்லாப் பிரிவுகளையும் வைத்து 100-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தார் என்று இங்கே சொல்ல வரவில்லை. மையமான ஊரை விட்டுத் தள்ளி, மலையடிவாரத்தில் ஸ்டுடியோ வைத்து, வருஷத்துக்கு இத்தனை படம் என்று ஓட்டுபவர் யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் இந்த முறைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

ஏழு தாள்

இன்ஸ் கம்பெனியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டு இருந்தது. முகப்புத் தாளில் படத்தின் எண், பெயர், எழுதியவர், டைரக்டர், தேதிகள். பிறகு இடப் பட்டியல், பாத்திரப் பட்டியல், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், திரையில் வரும் எழுத்து அட்டைகளின் பட்டியல். அதன்பின் ஷாட் ஷாட்டாக ஸ்கிரிப்ட். கடைசியில் செலவுத் தாள். இந்த ஏழையும் தனித்தனித் தாளாகவே வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆன்லைன் எக்ஸெல் கோப்பில் பல பக்கங்களாகத் திணித்தால் மலைமேல் சிக்னல் இல்லாத இடத்தில் யாருக்கும் திறக்காது. அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். டைரக்டர், கேமராமேன், அசோசியேட் டைரக்டர், புரொடக்ஷன் மேனேஜர் நால்வருக்கும் ஆளுக்கொரு கட்டு. நனைந்தால் மாற்ற ஐந்தாவது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் வேலை செய்யும் முருகேசன், எஸ்டேட் பங்களாவில் இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் ஒரு ஜோடி கொலுசைக் கொடுக்க மலையேறுகிறான். 12 நிமிடம், 14 காட்சி, 62 ஷாட்.

கதைச் சுருக்கம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கதை இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். மேற்கொண்டு தாள் போடாதீர்கள். பாத்திரப் பட்டியலில் பெயருக்கு எதிரே காட்சி எண்களும் உடை எண்ணும் இருக்க வேண்டும். முருகேசனுக்கு ஒரே சட்டைதான் என்றாலும் ‘உலர்ந்தது’, ‘நனைந்தது’ என்று இரண்டு நிலை உண்டு. ஆகவே ஒரே சட்டை மூன்று வாங்கவும்: நனைக்க ஒன்று, உலர்வாக ஒன்று, கிழிந்தால் போட ஒன்று.

இடப் பட்டியல்தான் இந்த முறைக்கு உயிர்

கதை ஓடும் வரிசையை மறந்துவிட்டு, எந்த இடத்தில் எந்தெந்தக் காட்சி என்று மட்டும் பாருங்கள். நம் கதைக்கு இப்படி வரும்:

பட்டறை, உள்: காட்சி 1, 3, 13. ஷாட் 17.
பட்டறைத் தெரு, வெளி: காட்சி 2, 14. ஷாட் 4.
மலைப்பாதை, வண்டிக்குள்ளும் வெளியிலும்: காட்சி 4, 5. ஷாட் 9.
காப்பித் தோட்டப் பாதை: காட்சி 6, 8, 11. ஷாட் 11.
பங்களா திண்ணை: காட்சி 7, 9, 12. ஷாட் 16.
ஏரிக்கரை: காட்சி 10. ஷாட் 5.

கூட்டினால் 62 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு ஷாட் எந்த இடத்திலும் சேராமல் அனாதையாக நிற்கிறது. மூன்றாம் நாள் மாலை நினைவுக்கு வருகிற அந்தக் க்ளோஸப் இதுதான்.

முதல் நாள் சேலம்: பட்டறையும் தெருவும், 21 ஷாட். முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் அன்றே எடுத்துவிடுகிறோம். இதில் நடிகர் தடுமாறுவார். காட்சி 13-ல் முருகேசன் மலையிலிருந்து திரும்பி வந்தவன். நடிப்பவர் இன்னும் மலையேறவே இல்லை. ஷாட் தாளில் ‘களைப்பு, இடது காலில் சேறு, பையில் கொலுசுப் பெட்டி இல்லை’ என்று எழுதியிருந்தால்தான் அவர் நிற்க இடம் கிடைக்கும். சேற்றின் நிறத்தைக் கவனியுங்கள். தோட்டத்து மண் செம்மண். பட்டறைத் தெருவில் கிடைக்கும் சாம்பல் நிறச் சேற்றைப் பூசினால் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும். லொகேஷன் பார்க்கப் போகும்போதே தோட்டத்து மண் ஒரு கிலோ எடுத்து வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை 5.30-க்குச் சேலத்தில் கிளம்பினால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து விடியும் நேரத்தில் மேலே இருக்கலாம். முதலில் தோட்டப் பாதை 11 ஷாட், பிறகு திண்ணையில் காட்சி 7, 9. மொத்தம் 22. அன்று இரவு மேலேயே தங்கல். மூன்றாம் நாள் திண்ணையில் காட்சி 12, ஏரிக்கரை, கடைசியாக இறங்கும் வழியில் மலைப்பாதை. மொத்தம் 19.

ஒரு நாளில் 22 ஷாட் முடியுமா என்று கணக்குப் போடுங்கள். பத்து மணி நேர வேலையில் சாப்பாட்டுக்கு ஒரு மணி, இடம் மாற ஒரு மணி போக 480 நிமிடம். ஒரு ஷாட்டுக்கு 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. லைட் மாற்றாத ஷாட்டுக்கு இது தாராளம். டிராலி போட்டால் போதாது. அதனால் ஒரு நாளுக்கு ஒரு டிராலி ஷாட்டுக்கு மேல் எழுதாதீர்கள்.

திண்ணையை இரண்டு நாளாகப் பிரித்தது வேண்டுமென்றே செய்தது. அதற்குக் கூரை இருக்கிறது. இரண்டாம் நாள் காலை மழை பிடித்துக்கொண்டால் உடனே திண்ணையின் 16 ஷாட்டையும் எடுக்க ஆரம்பித்துவிடலாம். தோட்டப் பாதை மூன்றாம் நாளுக்குப் போகும். அப்போது மூன்றாம் நாள் 25 ஷாட் ஆகிவிடும், ஒன்றுக்கு 19 நிமிடம்தான். ஆகவே முன்கூட்டியே 62-ல் ஆறு ஷாட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள்: இல்லாமலும் கதை நிற்கும் ஷாட்டுகள். எதை விடலாம் என்று மழையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் எப்போதும் தவறான ஷாட்தான் பலியாகும்.

மலைப்பாதையை இறங்கும்போது எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கதையில் அவன் ஏறுகிறான். வண்டிக்குள் எடுக்கும் முகத்தைப் பார்வையாளர் சந்தேகிக்க மாட்டார். ஆனால் ஏறும் வண்டியின் முக்கலும் இறங்கும் வண்டியின் ஓசையும் வேறு. இரண்டாம் நாள் விடியற்காலை ஏறும்போதே ஒலிப்பதிவாளர் வண்டிக்குள் 15 நிமிடம் பதிவு செய்துவிட வேண்டும். வெளியிலிருந்து எடுக்கும் ஷாட்டுக்கு வண்டியைத் திருப்பி உண்மையாகவே ஏறவிடுங்கள். வளைவில் நிறுத்தி எடுப்பது கூடவே கூடாது. மேலேறும் வண்டிக்கு வழிவிட வேண்டிய பாதை அது. வளைவைத் தாண்டி அகலமான ஓரமுள்ள இடமாகப் பார்த்து, இரு பக்கமும் கொடியோடு ஆள் நிறுத்தி எடுக்கவும்.

எப்போது போவது என்பதும் இந்தத் தாளில்தான் முடிவாகிறது. காப்பிப் பழம் சிவந்து நிற்க வேண்டுமென்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை. வெள்ளைப் பூ வேண்டுமென்றால் கோடை மழை விழுந்த பின்; பூ சில நாள்தான் நிற்கும், தோட்டக்காரரிடம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் கூட்டமும் வண்டி நெரிசலும் ஷெட்யூலைத் தின்றுவிடும். அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஷாட் தாள் எழுதும் விதம்

இன்ஸிடம் இருந்த சி. கார்ட்னர் சல்லிவன் போன்ற எழுத்தாளர்களின் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண், இடம், கேமரா எவ்வளவு நெருக்கம், என்ன நடக்கிறது, முகத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். மௌனப் படம் என்பதால் வசனத்தின் பின்னால் ஒளிய வழியில்லை. நீங்களும் வசனத்தை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஷாட் புரிய வேண்டும்.

மாதிரிக்கு:

காட்சி 7. பங்களா திண்ணை. வெளி. காலை.
ஷாட் 27. மிட் ஷாட். முருகேசன் மஞ்சள் பையைத் திண்ணையில் வைக்கிறான். பெட்டியை இன்னும் வெளியே எடுக்கவில்லை. சட்டை இடது தோளில் ஈரம். 8 விநாடி.
ஷாட் 28. க்ளோஸ். பெரியம்மாவின் வலது கை பையை நோக்கி வந்து பாதியில் நிற்கிறது. கையில் ஒற்றை வளையல். 4 விநாடி.

எண் கடைசி வரை ஒரே ஓட்டமாகப் போக வேண்டும், 1 முதல் 62 வரை. காட்சிக்குக் காட்சி 1-லிருந்து ஆரம்பித்தால் எடிட்டிங் டேபிளில் பல ‘ஷாட் 3’ வந்து உட்காரும். ஸ்பாட்டில் புது ஷாட் தோன்றினால் 28-அ, 28-ஆ என்று சேருங்கள். பழைய எண்களை மாற்றாதீர்கள். கிளாப்பில் எழுதுவதும், சவுண்ட் ரிப்போர்ட்டில் எழுதுவதும், அசோசியேட் நோட்டில் எழுதுவதும் இதே எண்தான்.

விநாடியைக் குறிப்பிடுவது பெரும்பாலோர் சோம்பல்படும் வேலை. ‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ என்ற ஆங்கில ஸ்கிரிப்ட் கணக்கைத் தமிழில் நம்ப முடியாது. எழுத்து அளவும் வாக்கிய நீளமும் வேறு. ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு வசனத்தை வாய்விட்டுப் பேசி, நடக்க வேண்டிய இடத்தில் எழுந்து நடந்து அளவெடுங்கள். 62 ஷாட்டின் கூட்டுத்தொகை 720 விநாடி. 900 வந்தால் இப்போதே வெட்டுங்கள். எடுத்த பிறகு வெட்டினால் மூன்று நிமிடத்துக்கான சாப்பாடு, வண்டி, பேட்டா எல்லாம் வீண்.

மூடுபனியைத் தாளில் எழுத முடியாது என்பார்கள். எழுதலாம். தோட்டப் பாதைக் காட்சிகள் 6, 8, 11 மூன்றுக்கும் எதிரே ‘பனி இருந்தால்’, ‘பனி இல்லாவிட்டால்’ என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். மூன்றும் கதையில் வெவ்வேறு நேரம் என்பதால் ஒன்றில் பனியும் மற்றதில் வெயிலும் வரலாம். ஒரே காட்சியின் நடுவில் மாறுவதுதான் கொல்லும். பனி இறங்க ஆரம்பித்தால் அந்தக் காட்சியின் அகல ஷாட்டை முதலில் முடித்துவிடுங்கள். க்ளோஸப்பின் பின்னணியில் பனி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். அகல ஷாட்டில் சமாளிக்க முடியாது.

தோட்டத்துக்குள் இன்னொரு தலைவலி சில்வர் ஓக் மர நிழல். பத்து மணிக்கு மேல் முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும். இன்ஸ் காலத்துத் திறந்தவெளி மேடைகளில் தலைக்கு மேலே மஸ்லின் துணியை இழுத்துக் கட்டி வெயிலை மிருதுவாக்கினார்கள். அதே வேலையை 12 அடிக்கு 12 அடி மெல்லிய வெள்ளை ‘வாயில்’ ரகத் துணி செய்யும். நான்கு மூலையிலும் வளையம் தைத்து, மரங்களில் கயிறு கட்டுங்கள். காற்று அடித்தால் துணி படபடக்கும் சத்தம் மைக்கில் விழும் என்பதால் வசன ஷாட்டில் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். மிளகுக் கொடி ஏறியிருக்கும் மரத்தில் கயிறு கட்டாதீர்கள். கொடி அறுந்தால் எஸ்டேட்டோடு உறவும் அறுந்துவிடும்.

எழுத்துத் தாளும் பொருள்களும்

மௌனப் படத்துக்கு இருந்த எழுத்து அட்டை இன்று இல்லை என்று இந்தத் தாளை விட்டுவிடாதீர்கள். திரையில் கண்ணுக்குத் தெரியும் எல்லா எழுத்தும் இதில் வரும்: பட்டறைப் பில், பஸ் போர்டு, கடிதம், போனில் வரும் மெசேஜ், படத்தின் பெயர். தமிழில் ஒற்றுப் பிழை பெரிய திரையில் பயங்கரமாகத் தெரியும். ஒருவர் எழுத, இன்னொருவர் திருத்த வேண்டும். கையில் பிடிக்கும் பில்லும் கடிதமும் மூன்று பிரதி வேண்டும், ஏனென்றால் இரண்டாவது டேக்குக்குள் கசங்கிவிடும்.

பொருள்களில் நம் கதைக்கு முக்கியம் கொலுசு. நிஜ வெள்ளி என்றால் பட்டறையில் எடை போட்டு வாங்கி, எடை போட்டே திருப்பிக் கொடுங்கள். எடையைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே ஆள்தான் அதற்குப் பொறுப்பு. அகல ஷாட்டுக்கு விலை குறைந்த மாற்று ஜோடி போதும். புதிதாக மெருகு போட்ட வெள்ளி க்ளோஸப்பில் வெள்ளைத் திட்டாக எரியும். விளக்கை நேரே அடிக்காமல் வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பும்படி வைத்தால் வேலைப்பாடு தெரியும்.

பட்டறைக்குள் ட்யூப் லைட் இருந்தால் கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். வேறு வேகத்தில் படம் மினுங்கும்; சின்ன மானிட்டரில் தெரியாது, எடிட்டிங்கில்தான் தெரியும். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் 1,150 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. பழைய வயரிங் என்றால் 800-ஓடு நிறுத்திக்கொண்டு, மீதியை வேறு லைனில் எடுக்கவும். ஃபேனை நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல் 30 விநாடி அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். திண்ணையிலும் அப்படியே.

அனுமதிக் கடிதங்கள்

இதற்கென்று இன்ஸ் கட்டில் தாள் கிடையாது. 18,000 ஏக்கர் கையில் இருந்தவருக்கு எதற்கு. நமக்கு எட்டாவது தாள் வேண்டும். எஸ்டேட் முதலாளியின் கையெழுத்திட்ட கடிதம், தேதியும் ஆட்கள் எண்ணிக்கையும் போட்டு. வாய் வார்த்தையை மட்டும் நம்பிப் போனால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு அது தெரிந்திருக்காது. காப்புக் காட்டுக்குள் கால் வைப்பதாக இருந்தால் வனத்துறையின் எழுத்து அனுமதி. சாலையில் எடுக்க போலீஸ் அனுமதி. ஏரிக்கரையில் படகுத்துறைப் பக்கம் என்றால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தாரிடமும் கேட்க வேண்டும். ட்ரோன் என்றால் பதிவும், அந்த இடத்தில் பறக்கலாமா என்ற வரைபடச் சோதனையும் தனி. குறைந்தது மூன்று வாரம் முன்னால் விண்ணப்பியுங்கள். தோட்டத்துக்குள் காட்டெருமை வரும் நேரம், வழி இரண்டையும் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டு, அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஷாட் வைக்காதீர்கள்.

செலவுத் தாள்

இன்ஸ் கம்பெனியின் செலவுத் தாளில் ஆள் கூலியும் பொருள் செலவும் தலைப்பு வாரியாகப் பிரிந்திருக்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே வடிவம். இந்தப் படத்தையும் போன படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது அதனால்தான். நீங்களும் தலைப்புகளை ஒருமுறை முடிவு செய்துவிட்டு அடுத்த படத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பத்தி போதும்: திட்டம், ஆனது, வித்தியாசம். ரூபாய்க்கு முன் எண்ணிக்கையை எழுதுங்கள். 14 பேர் யூனிட், மூன்று நாள் என்றால் 42 மதியச் சாப்பாடு; ஆளுக்கு ஒரு நாளில் மூன்று டீ வீதம் 126 டீ. டீயைக் கணக்கில் சேர்க்காத பட்ஜெட்தான் முதலில் உடைகிறது. மலைமேல் சாப்பாடு சொல்ல வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு போனால் ஆறிப்போகும், சேலத்துச் சிற்றுண்டியான தட்டுவடை செட்டோடு யூனிட் மதியத்தை ஓட்டாது. மொத்தத்தில் 10 சதவீதம் எதிர்பாராததற்கு ஒதுக்கி, அதை டைரக்டருக்குத் தெரியாமல் வைப்பது நல்லது.

‘ஆனது’ பத்தியை அன்றன்று இரவே நிரப்ப வேண்டும். ஊருக்குத் திரும்பி உட்கார்ந்தால் பில் பாதி காணாமல் போயிருக்கும். அதே தாளின் கீழே அன்று எடுத்த ஷாட் எண்கள், விட்டுப்போனவை, எத்தனை டேக், எவ்வளவு டேட்டா என்பதையும் எழுதவும். அடுத்த நாள் காலை டைரக்டர் கையில் முதலில் தர வேண்டியது இதுதான்.

டேட்டா கணக்கு எளிது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் நிமிடத்துக்கு 750 எம்பி. 12 நிமிடப் படத்துக்கு ஆறு மடங்கு எடுத்தால் 72 நிமிடம், அதாவது 54 ஜிபி. 128 ஜிபி கார்டு இரண்டு இருந்தால் ஒன்று கேமராவில், ஒன்று காப்பி ஆகிக்கொண்டு. ஆறு மடங்கைத் தாண்டினால் டைரக்டர் ஷாட் தாளைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மலையிலிருந்து இறங்கிய கேமராப் பையைச் சேலத்தில் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரம் படியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

பெயர் போடும் பட்டியல்

இன்ஸிடமிருந்து கற்கக் கூடாதது ஒன்று உண்டென்றால் அது இதுதான். மற்றவர்கள் டைரக்ட் செய்த படங்களிலும் அவர் பெயரே பெரிதாக நின்றது. கூட வேலை செய்தவர்களுக்கு அதில் மனக்கசப்பு. ஃபிரான்சிஸ் ஃபோர்டு சீக்கிரமே விலகிப் போனார். ஆகவே யார் பெயர் எந்த வரியில், எந்த அளவில் என்பதை முகப்புத் தாளின் பின்புறம் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இலவசமாக வேலை செய்பவர்களிடம் இது இன்னும் முக்கியம், அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு வரிதான். எஸ்டேட், பட்டறை, மண்ணள்ளிக் கொடுத்த தோட்டத் தொழிலாளி எல்லோரும் நன்றிப் பட்டியலில் வர வேண்டும். பெயரின் எழுத்தை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

எடிட்டிங் முடிந்ததும் கட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து படத்தோடு ஒரே ஃபோல்டரில் போடவும். இன்ஸ் 1913-ல் எடுத்த பெரிய போர்ப் படமான ‘தி பேட்டில் ஆஃப் கெட்டிஸ்பர்க்’ இன்று பிரதி கிடைக்காமல் போய்விட்டது. அவர் கம்பெனியின் ஸ்கிரிப்ட் கட்டுகள் பல தப்பிப் பிழைத்ததால்தான் அங்கே வேலை எப்படி நடந்தது என்பது தெரிகிறது. ஹார்ட் டிஸ்க் இரண்டு, மூன்றாவது பிரதி வேறு வீட்டில். வருஷத்துக்கு ஒரு முறை மூன்றையும் கம்ப்யூட்டரில் சொருகி முழுப் படமும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒன்று தடுமாறினால் அன்றே புது டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.